குழாயில் சறுக்கப் பலகை வாங்கிய பிரதாப்

ஹாகன் நகரத்துக்குப் பக்கத்தில், திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பிரதாப்புக்குத் தரம் பார்க்கும் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே விளக்கு. ஒரு பெட்டியில் ஐயாயிரம் திருகாணி வரும். அதில் எண்பதை எடுத்து அளந்து பார்ப்பான். ஒன்றின் தலை முடியளவு தடித்திருந்தாலும் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவான். அனுப்பும்போது அவன் முகத்தில் ஒரு சாந்தம் வரும், கற்பூரம் தொட்டுக் கண்ணில் ஒற்றியவர்களுக்கு வருவது போல. அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் இல்லையென்று தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் அவன் மனைவி தேனுஜாவும் அதையேதான் சொல்வாள், ஆனால் வேறு குரலில்.

ஏனென்றால் பிரதாப் வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் பார்த்தான். ஒரு ரைஸ் குக்கர் வாங்க அவனுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பதினொரு குக்கர்களின் சோதனை அறிக்கைகளை வாசித்தான். அதன் உள்பாத்திரம் என்ன தடிப்பு என்று கேட்டுத் தயாரித்தவர்களுக்கே கடிதம் எழுதினான். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்த குக்கரைச் செய்வதை அந்தக் கொம்பனி நிறுத்திவிட்டது. இரண்டாவது இடத்தில் இருந்ததை வாங்கினார்கள். இன்றைக்கும் சோறு நன்றாக வந்த நாட்களில், "மற்றதெண்டால் இன்னும் நல்லா வந்திருக்கும்" என்று ஒரு கவளத்தை உருட்டியபடி சொல்வான்.

இப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் ஸ்னோபோர்ட் என்கிற பனிச்சறுக்குப் பலகை வாங்கப் புறப்பட்டதற்குக் காரணம் அவனுடைய அதிகாரி பிரிங்க்மான்.

பிரிங்க்மான் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு நவம்பரிலும் கார்க் கண்ணாடியில் முதல் உறைபனி படிந்த அன்று, சாப்பாட்டுக்கூடத்தில் பிரதாப்பின் மேசைக்கு வந்து, தோளில் கை வைத்து, மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'ஹேர்' சேர்த்து, "ஹேர் பிரதாப், இந்தக் குளிர் உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே?" என்று கேட்பார். யன்னலோரத்தில் வைத்த வெப்பநாட்டுச் செடியை விசாரிப்பது போலிருக்கும். பிரதாப் ஏழு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கியவன். ஹாகனில் பள்ளிக்கூடம் போய், பனியுருண்டை எறிந்து அடுத்தவன் கண்ணாடியை உடைத்து, இந்த நாட்டுக் குளிரில் முப்பத்தொன்பது தடவை மூக்குச் சிந்தியவன். பிரிங்க்மான் பிராங்போர்ட்டுக்குத் தெற்கே, குளிர் குறைந்த பக்கத்தில் பிறந்தவர். குளிரைப் பற்றி யார் யாரை விசாரிக்கவேண்டும் என்பது விவாதத்துக்குரியது. ஆனாலும் பதினெட்டு நவம்பர்களிலும் பிரதாப் சிரித்து, "பரவாயில்லை, பழகிவிட்டது" என்றே பதில் சொல்லிவந்தான்.

பத்தொன்பதாவது நவம்பரில் நிலைமை வேறாக இருந்தது. அந்த வாரம்தான் பிரிவுக்குப் புதிய குழுத் தலைவரை அறிவித்திருந்தார்கள். அது பிரதாப் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த, திருகாணியின் எந்தப் பக்கம் தலை என்று இன்னும் யோசிக்கிற ஒருவர். அவர் அந்தச் சந்தோசத்துக்கு ஆப்பிள் கேக் கொண்டுவந்திருந்தார். பிரிங்க்மான் அந்தக் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே தோளைத் தொட்டுக் குளிரைப் பற்றிக் கேட்டார்.

"குளிரா?" என்றான் பிரதாப். "எனக்குக் குளிர் போதாது. வார இறுதிகளில் நான் ஸ்னோபோர்ட் அல்லவா ஓட்டுகிறேன்."

மேசையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று காலை பஸ்ஸில் வந்தபோது கைபேசியில் ஒரு காட்சியைப் பார்த்திருந்தான். பனிக்குள் நட்டிருந்த இரும்புக் குழாயின்மேல் ஒருவன் பலகையோடு தாவி, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனான். அந்தக் குழாய் பிரதாப்பின் வாயில் வந்து விழுந்தது.

"சும்மா சரிவில் ஓட்டுவது இல்லை. பார்க். ரெயில். குழாய்கள் இருக்கிறதல்லவா, அதன்மேல்."

பிரிங்க்மான் மூன்று வயதிலிருந்து பனிச்சறுக்கு ஆடியவர். அவர் கண்கள் பளிச்சிட்டன. பின்னேரமே எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. இந்த வருடம் பிரிவின் சுற்றுலா பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை வின்டர்பேர்க் மலைக்கு. குடும்பங்களும் வரலாம். ஹேர் பிரதாப் தன் திறமையைக் காட்டச் சம்மதித்திருக்கிறார்.

அவன் சம்மதித்த இடம் எதுவென்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேனுஜாவிடம் சொன்னான். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. காலை ஐந்தரை மணியிலிருந்து பிறரைத் தூக்கி இருத்திவிட்டு வந்து, சோபாவில் காலை நீட்டியிருந்தாள்.

"ஸ்னோபோர்ட் ஒண்டு வாங்கவேணும், தேனு. ரெயிலிலை ஓடுற மாதிரி."

"ரெயிலிலை போறதுக்குப் பலகை என்னத்துக்கு? டிக்கெட் எல்லோ வேணும்."

"அந்த ரெயில் இல்லையப்பா. இரும்புக் குழாய். அதிலை ஏறிச் சறுக்கிறது."

தேனுஜா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆர் சறுக்கிறது?"

"நான்தான்."

"போன கிழமை குளியலறையிலை சறுக்கினியள். அதுக்குப் பலகை வேண்டியிருக்கேல்லையே."

பிரதாப் கணினியைத் திறந்துவிட்டான். அன்று தொடங்கியது பலகைத் தேர்வு.

அடுத்த வாரங்களில் அவன் கற்றுக்கொண்டதைக் கேட்டால் யாரும் வாய் பிளப்பார்கள். தேனுஜா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே வளைந்து நிற்பது ஒரு வகை. அது துள்ளும், ஆனால் விளிம்பு எங்கேயாவது மாட்டினால் ஆளைக் கவிழ்த்துவிடும். நடுப்பகுதி தரையில் பட்டு, முனைகள் தூக்கி நிற்பது இன்னொன்று. அதில் சிறு பிழை விட்டாலும் தப்பலாம். இரண்டும் கலந்தது மூன்றாவது. குழாயில் சறுக்குகிறவனுக்குப் பலகை இளகியிருக்கவேண்டும். ஆனால் கஞ்சி மாதிரி இளகக்கூடாது. முன்னும் பின்னும் ஒரே அச்சாக இருக்கவேண்டும், ஏனென்றால் அவன் எந்தப் பக்கமாக இறங்குவான் என்று அவனுக்கே தெரியாது. அகலம் காலணிக்குச் சரியாக இருக்கவேண்டும். நீளம் ஆளின் நிறையைப் பொறுத்தது. கீழ்ப்பக்கம் மலிவான பிளாஸ்டிக்காக இருந்தாலே நல்லது, இரும்பில் உரசிக் கிழியத்தானே போகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் போட்டான். இருபத்தேழு பலகைகள், பதினான்கு நிரல்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு நிரலுக்கு "மனவுணர்வு" என்று பெயர் வைத்து, அது அறிவியல் அல்லவென்று மறுநாள் அழித்தான்.

மியூனிக்கிலிருந்த கோபாலனுக்கும் போன் போட்டான். கோபாலன் சென்னைக்காரர், கணினிக் கொம்பனியில் வேலை, ஒரு கல்யாண வீட்டில் பழக்கமானவர். வருடத்துக்கு இரண்டு முறை ஆல்ப்ஸ் மலைக்குப் போய், மேலே நின்று படம் எடுத்துப் போடுவார்.

"பாஸ், சிம்பிளா சொல்றேன்," என்றார் கோபாலன். "ஆல்-மவுண்டன் போர்டு ஒண்ணு எடுங்க. சேஃப். பார்க் எல்லாம் வேற லெவல். இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"நீங்கள் பார்க்கிலை ஓடியிருக்கிறியளோ?"

"ஓடினதில்ல. ஆனா ரிவ்யூ நிறைய பாத்திருக்கேன்."

தன் இனத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று பிரதாப்புக்கு மனம் நிறைந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். இருவரும் சேர்ந்து ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை.

டிசம்பரில் கள ஆய்வு தொடங்கியது. ரூர்ப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு ஒன்றின்மேல் நீளமான கூரை போட்டு, உள்ளே வருடம் முழுவதும் பனி வைத்திருக்கிறார்கள். ஒரு ஓரத்தில், பலகையோடு ஏறிச் சறுக்குவதற்கென்று வைத்த நீளப் பெட்டிகளும் குழாய்களும் உண்டு; பார்க் என்பது அதைத்தான். சனிக்கிழமைதோறும் பிரதாப் அங்கே போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உணவகத்தில் உட்கார்ந்து, யார் எந்தப் பலகையில் வருகிறார்கள், எப்படி விழுகிறார்கள் என்று கொப்பியில் குறித்தான். தேனுஜாவையும் கூட்டிக்கொண்டுதான் போனான். அவளுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாள் சனிக்கிழமை. அவனைப் பொறுத்தவரை அது ஊர்சுற்றல்.

முதல் சனிக்கிழமை தேனுஜா மூன்று சூடான சொக்லேட் குடித்தாள். இரண்டாவது சனிக்கிழமை ஒன்றைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் போனது ஆரம்ப வகுப்புக்கு. வாடகைப் பலகை, காலணி, தலைக்கவசம் எல்லாம் வகுப்புக் கட்டணத்துக்குள்ளேயே வந்தன. விழும்போது கையை ஊன்றாமல் எப்படி விழுவது என்று பயிற்றுநர் பெண் விளக்கத் தொடங்கினாள். தேனுஜா செய்து காட்டினாள். ஒவ்வொரு செவ்வாயும் எண்பது வயதுக்காரர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பயிற்றுநர் பெண் அவளை மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்தி, இன்னொரு தடவை விழச் சொன்னாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் காணாமல் போனாள். ஈரத் தலையோடு திரும்பி வருவாள். "எங்கை போனீர்?" என்று பிரதாப் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. கொப்பியில் நூற்றுக்கும் மேற்பட்ட விழுகைகள் சேர்ந்திருந்தன.

ஜனவரி நடுவில் ஒருநாள் கத்தரிப்பூ நிற மேல்சட்டை போட்ட ஒருத்தி சரிவில் இறங்கி, தாழ்ந்த பெட்டியில் ஏறி, கால் நடுங்காமல் வழுக்கி, மறுபக்கம் மெத்தென்று இறங்குவதைப் பிரதாப் கண்டான். உடனே எழுதினான்: "வாடகைப் பலகை. 148 செ.மீ. முனை தேய்ந்தது. மிக இளகியது. பலகை மோசம், ஆனால் சமநிலை மிக நன்று. இவரைக் கேட்டுப் பார்க்கலாம்." பேனையை மூடுவதற்குள் அவள் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

பிரதாப் வெளியே ஓடினான். "தேனு! நீர் எப்ப உதெல்லாம் பழகினீர்?"

"நீங்கள் எழுதிக்கொண்டிருக்கேக்கை."

"சொல்லியிருக்கலாம் எல்லோ."

"ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் தலையை ஆட்டினியள்." அவள் மூச்சு வாங்கியபடி பலகையைக் கழற்றினாள். "வாங்கோவன் ஒருக்கா. இண்டைக்குச் சனம் குறைவு. வாடகைக்கு எடுத்து ஏறிப் பாருங்கோ."

"பிழையான பலகையிலை பழகினால் பிழையான பழக்கம் வரும். முதல் சரியான பலகை வரட்டும்."

தேனுஜா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டு சொன்னாள்: "பலகை தெரிஞ்செடுக்கிறதுக்கு உங்களுக்குப் பயமில்லை. ஏறத்தான் பயம். தெரிஞ்செடுத்துக்கொண்டே இருந்தால் ஏறத் தேவையில்லை எல்லோ."

இரண்டு நாள் அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் அட்டவணையில் மீந்திருந்த நான்கு பலகைகளை ஒன்றாகக் குறைத்தான். அவள் சொன்னது பொய்யென்று நிரூபிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

பனிச்சறுக்குச் சாமான் கடையை நடத்தியவர் ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் என்ற அம்மையார். அறுபது தாண்டியவர், நரைத்த கட்டை முடி, ஏதோ ஒரு குழாயில் முறிந்து கோணலாகவே பொருந்திவிட்ட சுண்டுவிரல். பிரதாப் அட்டவணையை மேசையில் விரித்தான். அவர் அதை ஒரு குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஒரு அட்டையை எடுத்து மூன்று கேள்வி கேட்டார்.

"காலணி?"

"நாற்பத்திரண்டு."

"எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள்?"

"சில வருடங்கள்," என்றான் பிரதாப். தேனுஜா பக்கத்தில் இருந்த கையுறைகளை ஆராயத் தொடங்கினாள்.

"நிறை?"

"அறுபத்தொன்பது கிலோ."

தேனுஜா கையுறையை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒன்றும் இல்லை.

ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் பிரதாப்பின் வயிற்றைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், எழுதினார். "இங்கே எழுதுவதைத்தான் நான் விற்பேன்," என்றார். பின்னர் உள்ளே போய் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர் பலகை ஒன்றை எடுத்துவந்தார். அட்டவணையில் முதலாவதாக நின்ற அதே பலகை. கறுப்பு, நடுவில் ஒரு எலுமிச்சைப் பழம். பிரதாப் சட்டைப்பையிலிருந்து தன் அளவுகோலை எடுத்து விளிம்பின் தடிப்பை ஆறு இடத்தில் அளந்தான். எல்லாம் சரியாக இருந்தன. திருப்பி அனுப்ப ஒரு காரணமும் இல்லாமல் போகவே, அவன் முகம் வாடியது. வாங்கினான்.

பலகை வந்த பின்னும் அவன் பனியில் இறங்கவில்லை. கூடத்தில், கம்பளத்தின்மேல் அதில் ஏறி நின்று, முழங்காலை மடித்து, நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். கம்பளத்தில் அவன் மிக நன்றாக ஓடினான்.

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை வின்டர்பேர்க்கில் நல்ல வெயில். பிரிங்க்மான் சிவப்பு உடுப்பில், பிரிவிலுள்ள இருபது பேரும் தத்தம் குடும்பங்களோடு. பிரதாப் பலகையைக் கையில் பிடித்தபடி, அதன் அடியில் பூசிய மெழுகைப் பற்றிப் பேசினான். மெழுகு மூன்று பாகை குளிருக்குப் பூசியது, இன்று ஒரு பாகைதான் என்றான். பிறகு காலணி நாடாவைப் பற்றி. பிறகு காற்று. கேக் கொண்டுவந்த குழுத் தலைவர்கூட மூன்று தடவை இறங்கி ஏறிவிட்டார். கடைசியில் பிரிங்க்மான் கையைத் தட்டி, "ஹேர் பிரதாப், இனி உங்கள் முறை!" என்றார்.

பார்க்குக்குப் போக இழுவை லிப்டில் ஏறவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கம்பியில், ஒரு தடியின் நுனியில் வட்டத் தட்டு தொங்கும். அதைத் தொடைகளுக்கு நடுவே கொடுத்தால் மேலே இழுத்துக்கொண்டு போகும். உட்காரக்கூடாது, நிற்கவேண்டும். இது எந்த அறிக்கையிலும் இல்லை. பிரதாப் உட்கார்ந்தான்.

பலகை ஒரு பக்கம் போனது, பிரதாப் மறுபக்கம் போனான், தட்டு தன் பாட்டில் மேலே போனது. அவன் மட்டும் தட்டின் தடியைக் கைவிடவில்லை. இருபது மீற்றர் தூரம், வயிற்றில் படுத்தபடி, ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு முழுவதும் பார்த்திருக்க அவன் மலையேறினான். லிப்டை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல், "விட்டுவிடுங்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள்," என்று கெஞ்சியது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் ஒரே நேரத்தில் மிக அக்கறையான முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"பலகையில் ஏதோ கோளாறு," என்றான் பிரதாப், வாயிலிருந்து பனியைத் துப்பிவிட்டு.

தேனுஜா அவன் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தன் வாடகைப் பலகையை மாட்டிக்கொண்டு, அடுத்த தட்டைத் தொடைக்கு நடுவே கொடுத்து, நின்றபடியே மேலே போனாள். அவனுக்காகப் போனாளா, தனக்காகவா என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மேலேயிருந்து வந்தாள். பெட்டியில் வழுக்கினாள். அடுத்திருந்த தாழ்ந்த குழாயிலும் ஏறினாள். பாதியில் ஆடினாள், விழவில்லை, மறுபக்கம் இறங்கி, கைகள் இரண்டையும் விரித்தபடி வந்து நின்றாள். இருபது பேரும் குடும்பங்களும் கைதட்டினார்கள். தாங்கள் அடக்கிய சிரிப்பை எல்லாம் அந்தக் கைதட்டலில் இறக்கிவைத்தார்கள்.

பிரிங்க்மான் முன்னால் வந்தார். பாவம், பழக்கதோசம். "பிரமாதம், ஃபிராவ் பிரதாப்! ஆனால் உங்களுக்குக் குளிரவில்லையா?"

"குளிர்கிறது, ஹேர் பிரிங்க்மான். பெப்ரவரி மாதம் அல்லவா," என்றாள் தேனுஜா. "உங்களுக்குக் குளிரவில்லையா? இந்த வயதில் குளிர் தெரியாமல் போவது நல்லதில்லை. இரத்த ஓட்டத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். எங்கள் இல்லத்தில் பலருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது."

முதியோர் இல்லத்து நோயாளிகளிடம் பேசுகிற அதே இதமான குரல். பிரிங்க்மான் கையுறையைக் கழற்றித் தன் விரல்களைப் பார்த்தார். திங்கட்கிழமையே வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்து ஒரு டேர்மின் எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

அதே திங்கட்கிழமை பிரதாப் ஒரு முறைப்பாடு எழுதினான். நான்கு பக்கம், படங்களோடு. பலகையின் இளகல் அறிவித்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை, ஆளைத் தாங்கும்போது நடுப்பகுதி அளவுக்கு மீறி வளைகிறது, கம்பளத்தில் மூன்று தடவை அளந்து பார்த்தாயிற்று, எனவே முழுத் தொகுதியையும் தயாரித்தவருக்குத் திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கிறேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, தனியாகக் கடைக்குக் கொண்டுபோனான்.

ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் நான்கு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு நிறுவைக் கருவியை இழுத்துத் தரையில் வைத்தார். சறுக்குக்கட்டைகளின் பூட்டைச் சரிசெய்ய ஆளின் நிறை தெரியவேண்டும் என்பதால் அது அங்கே எப்போதும் இருப்பது.

"ஏறுங்கள்," என்றார்.

"இதற்கும் பலகைக்கும்…"

"காலணியைக் கழற்றிவிட்டே ஏறுங்கள். இரண்டு கிலோவை உங்களுக்குத் தள்ளுபடி செய்கிறேன்."

பிரதாப் ஏறினான். இலக்கங்கள் சிறிது நேரம் ஓடி, எண்பத்தாறு தசம் நான்கில் நின்றன. கடையில் வேறு யாருமில்லை. ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் பழைய அட்டையை எடுத்து, அறுபத்தொன்பது என்று எழுதியிருந்த இடத்தில் தன் கோணல் சுண்டுவிரலை வைத்தார்.

"இந்த ஆளுக்குப் பலகை மிகச் சரியாக இருக்கிறது," என்றார். "அவரைக் கண்டால் வரச்சொல்லுங்கள்."

பிரதாப் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். அறுபத்தொன்பது அவன் கல்யாணம் செய்த வருடத்து நிறை. பொய் சொல்லவேண்டுமென்று நினைத்துச் சொன்னதல்ல. தனக்குள் எங்கேயோ எழுதிவைத்த இலக்கம், பதினாறு வருடமாக ஒருமுறையும் அதை அவன் சரிபார்க்கவில்லை. அடுத்தவன் செய்த ஐயாயிரம் திருகாணியையும் நம்பாத மனிதன் இந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பியிருந்தான். இதை யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் ஊரெல்லாம் சொல்கிற பெண்ணல்ல.

தேனுஜா குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"தேனு, நான் எண்பத்தாறு."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு நாளைக்குப் பதினாலு பேரைத் தூக்கிறனான். ஆளைப் பார்த்தாலே கிலோ தெரியும்." கத்தியை வைத்தாள். "கடையிலேயே சொல்லியிருப்பன். அந்த மனிசிக்கு முன்னாலை உங்களை வெக்கப்படுத்த மனம் வரேல்லை. அது என்ரை பிழை."

"வின்டர்பேர்க்கிலை நான் வெக்கப்பட்டது காணாதே?"

"அது நான் செய்தது இல்லை. அது நீங்கள் வாயாலை தேடினது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். தேனுஜாவும் மூன்று நாளாக அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டாள். ஒரு கையில் லீக்ஸோடு, வயிற்றில் படுத்து மலையேறுவது எப்படியென்று குசினிக்குள்ளேயே நடித்துக் காட்டினாள். ஒலிபெருக்கிக் குரலையும் சேர்த்து.

எலுமிச்சைப் பலகை அவளுக்குப் போனது. அவள் அறுபத்தெட்டு, கேட்டால் அப்படியே சொல்வாள். அவள் காலுக்கு அகலம் சற்றுக் கூட என்றாலும், குழாய்க்கு அது கெடுதலில்லை என்று ஃபிராவ் ஒஸ்டர்காம்ப் சொன்னார். முறைப்பாட்டின் நான்கு பக்கங்களையும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கடையின் பின்னறையில் ஒட்டியிருப்பதாகக் கேள்வி. பெயரை மட்டும் மறைத்திருக்கிறாராம், அது அவர் தயவு.

தொழிற்சாலையில் ஸ்னோபோர்ட் பற்றி யாரும் பேசவில்லை. பிரதாப் வந்து உட்கார்ந்தால் எல்லோரும் உதைபந்தாட்டம் பேசினார்கள். ஒரு மாதம் அதைத் தாங்கினான். பிறகு ஒரு மதிய நேரம் தானாகவே, "நான் ஓட்டுவேன் என்று சொன்னது பொய். இப்போதுதான் பழகுகிறேன்," என்றான். குழுத் தலைவர் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபடி, திருகாணி அளக்கும் கருவியை வாசிக்கத் தனக்குத் தெரியும் என்று சொன்னதும் அதுபோல ஒரு பொய்தான் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பிரதாப் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். பதவி அவரிடமே இருந்தது. அநியாயம் அநியாயமாகவே இருந்தது.

கூரை போட்ட அந்தப் பனிமேட்டின் ஆரம்ப வகுப்பில் பிரதாப்பைத் தவிர எல்லோருக்கும் பத்து வயதுக்குக் கீழே. நூற்றைம்பத்தேழு சென்டிமீட்டர் வாடகைப் பலகை, யாரோ ஒருவர் முனையில் ஒட்டிய முயல் படத்தோடு. விழுந்தான். எழுந்தான். விழும்போது ஏன் விழுந்தேன் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த குழந்தை வந்து மோதியது. அதனால் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டான். விட்ட பிறகு விழுவது குறைந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, தாழ்ந்த பெட்டியை நோக்கி இறங்கினான். பலகை ஏறியது. கீழே உரசும் சத்தம் கேட்டது. உடம்பு எங்கும் போகவில்லை, அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு பனியில் மெத்தென்று இறங்கினான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். இப்படியிருக்கும் என்று எந்த அறிக்கையும் அவனுக்குச் சொல்லவில்லை.

சுற்றிப் பார்த்தான். தேனுஜா லிப்டில், முதுகைக் காட்டியபடி மேலே போய்க்கொண்டிருந்தாள். குழந்தைகள் தங்கள் தாய்மாரிடம் ஓடிவிட்டார்கள். லிப்ட் காவலாளியிடம் போய், "பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

"எதை?" என்றார் அவர்.

பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சரிவில் நடந்து ஏறினான். தேனுஜா மேலே வந்து சேர்ந்து, இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தான். கையை உயர்த்திக் காட்டினான். இறங்கினான். பெட்டிக்கு ஒரு முழத்துக்கு முன்னாலேயே விளிம்பு மாட்டி, முகம் குப்புற விழுந்து, பெட்டியை வயிற்றால் கடந்தான்.

தேனுஜா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுக்கு முந்தி ஒண்டு போனனான்," என்றான் பிரதாப், பனிக்குள்ளிருந்து. "சத்தியமாப் போனனான். முழுசா."

"ஓம், ஓம்," என்றாள் அவள். "எழும்புங்கோ. பின்னாலை ஆள் வருது."